ஏரிக்கரை லிஸ்டில் இல்லை

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையில் எங்கள் வீட்டுத் தறிக்குழியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. தெருத் தண்ணீர் உள்ளே வரவில்லை. வாசலில் மண்மூட்டை அடுக்கி, நிலைப்படி இடுக்கில் சாக்கைத் திணித்து அதைத் தடுத்துவிட்டோம். இது தரைக்குள்ளிருந்து ஊறியது. குழித்தறியில் நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிப்பதற்காகத் தோண்டிய குழி, அடைமழையில் கிணறாகிவிடும். தறியில் மூன்று சேலைக்கான பாவு ஏறியிருந்தது. அப்பா ஒன்றரைச் சேலை நெய்து முடித்திருந்தார். பட்டு ஈரம் குடித்துத் தொய்ந்து கிடந்தது. அப்பா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயா மட்டும், "வந்த தண்ணி வடியாமலா போவும்" என்று யாருக்கென்று இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. தாம்பரம் அப்போது எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. ஆனால் டிவியில் அடையாறும் செம்பரம்பாக்கமும்தான் ஓடின. முசரவாக்கம் மாதிரி ஊர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசுகிற அளவுக்குப் பெரிய சேதமும் இல்லைதான். யாரும் சாகவில்லை. நெசவாளிக்கு வெள்ளத்தால் வருகிற நஷ்டம் கண்ணுக்குத் தெரிகிற நஷ்டம் இல்லை. கணக்கெடுக்க வருகிறவர் இடிந்த சுவரை எண்ணுவார், செத்த மாட்டை எண்ணுவார். ஓடாத தறியை எண்ணுவதற்கு அவர் படிவத்தில் கட்டம் கிடையாது. குழி காய வேண்டும். அதற்கப்புறம் புதுப் பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்க வெயில் வேண்டும். அதுவரை கூலி இல்லை. முன்பணம் வாங்கியிருந்தால் அது கடனாக அப்படியே நிற்கும்.

மூன்றாம் நாள் தெருப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். "நீதான் படிச்ச பையன். யாராவது வந்து குடுத்தா சண்டை வராம இருக்கணும். ஒரு லிஸ்ட் போட்டுடு." போட்டேன். வீட்டுக்கு ஒரு பேர், எத்தனை உருப்படி, கைக்குழந்தை உண்டா, சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் உண்டா. அறுபத்துச் சொச்சம் வீடு. எனக்கு அந்த லிஸ்டில் உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது. நல்ல லிஸ்ட் அது. மாத்திரை வரைக்கும் எழுதியிருந்தேன்.

கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்த ஒருவன் அடுத்த நாள் வேனில் வந்தான். கடலூர்ப் பக்கத்துக்காரன், ஆற்காடு லுத்தரன் திருச்சபைக் குடும்பம். கூட அவன் சபை ஆட்கள் ஏழெட்டுப் பேர், ஒரு வயதான மூப்பர். அரிசி, பாய், பிளீச்சிங் பவுடர், மெழுகுவத்தி. கடலூரிலேயே நவம்பரில் வெள்ளம் வந்து வடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. "உங்களுக்கே பத்தாதேடா" என்றேன். "எங்களுக்கு வந்ததுலதான் இது மிச்சம்" என்றான்.

லிஸ்டை வாங்கிப் பார்த்தான். பாராட்டுவான் என்று நினைத்தேன்.

"வரும்போது ஏரிக்கரை மேல குடிசை பாத்தேனே. அது எந்தத் தெருவுல வருது?"

"அது தெரு இல்லடா. இருளருங்க."

"லிஸ்ட்ல?"

"அவங்க நம்ம லிஸ்ட்ல இல்ல. அவங்களுக்குத் தனியா யாராவது குடுப்பாங்க."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லி, விவாதமாக்கி, மறந்துபோயிருப்பேன்.

பேரிடரில் ஒரு மதச் சபை என்ன செய்யலாம், எப்படிச் செய்யலாம் என்பது பற்றி அதற்கப்புறம் நிறையப் படித்தேன். நான் கிறிஸ்தவன் இல்லை. ஆவதற்கான உத்தேசமும் இல்லை. அந்த லிஸ்ட்தான் என்னைப் படிக்க வைத்தது.

முதலில் என் தரப்பு வாதத்தை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். "நம்ம ஆளுங்க முதல்ல" என்பது அப்படியே தப்பு என்று நான் இப்போதும் நினைக்கவில்லை. வெள்ளத்தில் ஒரு தாய் தன் பிள்ளையைத்தான் முதலில் தூக்குவாள். அவளைப் பார்த்து, ஏன் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தூக்கவில்லை என்று கேட்கிற நீதிமான் எனக்கு வேண்டாம். என் தெருவில் யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டில் பிரசவம் ஆகி எட்டு நாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சபைக்கும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை யார் வரவில்லை என்று ஐயருக்குத் தெரியும் (லுத்தரன்கள் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவர் மனைவி ஐயரம்மா). எந்த வீட்டில் கிழவி தனியாக இருக்கிறாள் என்று கோயில் பிள்ளைக்குத் தெரியும். டெல்லியிலிருந்தோ ஜெனீவாவிலிருந்தோ வருகிற எந்த நிறுவனத்துக்கும் இந்த அறிவு கிடைக்காது. பக்கத்தில் இருக்கிறவன்தான் முதலில் உதவ முடியும். எனவே பக்கத்தில் இருப்பவருக்குத்தான் முதலில் உதவி போகும். இதில் என்ன தப்பு?

தப்பு "பக்கம்" என்ற சொல்லில் ஒளிந்திருக்கிறது. ஏரிக்கரை என் வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். என் லிஸ்டில் கடைசி வீடு அதைவிடத் தூரம். அங்கே யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரசவம் என்று எனக்குத் தெரியாமல் போனதற்கு மழை காரணம் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக நான் அங்கே போனதில்லை. ஏரி மீன் வாங்கியிருக்கிறேன், அவர்கள் எங்கள் தெருவுக்கு வந்து விற்கும்போது. தெரியாததால் எழுதவில்லை என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் தெரியாமல் இருப்பதற்கென்று நான் வருஷக்கணக்காக ஏதோ ஒரு வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறேன்.

விவிலியத்தில் லூக்கா பத்தாம் அதிகாரத்தில் ஒரு சட்ட நிபுணர் இயேசுவிடம் கேட்கிற கேள்வி இதுதான். தன்னைப் போல் நேசிக்க வேண்டிய அந்த ஆள் யார், வரம்பு எது? தமிழில் இந்த இடம் சுவாரசியமானது. பழைய புராட்டஸ்டன்ட் மொழிபெயர்ப்பில் அந்த ஆளுக்குப் 'பிறன்' என்று பெயர். பிற்காலப் பொது மொழிபெயர்ப்பில் 'அடுத்திருப்பவர்'. ஒரே மூலச் சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு எதிர்த்திசைகள். பிறன் என்றால் நான் அல்லாதவன், அந்நியன், திருக்குறளில் பிறன்மனை என்று வருகிற பிறன். அடுத்திருப்பவர் என்றால் சுவரை ஒட்டி இருப்பவர். ஏரிக்கரைக்காரர்கள் எனக்கு இரண்டுமாக இருந்தார்கள், அது எனக்குப் புரியவில்லை.

அடிபட்டுக் கிடந்தவனைச் சமாரியன் தூக்கிப்போன கதை எல்லாருக்கும் தெரியும். கதை முடிந்ததும் இயேசு கேள்வியைத் திருப்பிப்போடுகிறார். அடிபட்டவன் யாருக்கு அயலான் என்று கேட்கவில்லை. அடிபட்டவனுக்கு அயலானாக ஆனது யார் என்று கேட்கிறார். அதாவது அயலான் என்பது நாம் கணக்கெடுத்துக் கண்டுபிடிக்கிற ஆள் இல்லை, நாம் போய் ஆக வேண்டிய ஆள். பிரசங்கங்களில் இதுவரை சரியாகச் சொல்வார்கள். அந்தக் கதையில் இன்னொருத்தன் இருக்கிறான், அவனை யாரும் கண்டுகொள்வதில்லை: சத்திரக்காரன். சமாரியன் இரண்டு காசு கொடுத்துவிட்டு, மேல் செலவைத் திரும்பி வரும்போது தருகிறேன் என்று மறுநாள் கிளம்பிவிடுகிறான். புண்ணைக் கழுவி, கஞ்சி ஊற்றி, மீதி நாட்களைத் தள்ளியது சத்திரக்காரன்தான். வேன் எடுத்துக்கொண்டு வருகிறவன் சமாரியன். ஊரிலேயே கட்டடமும் மணியும் சாவியும் வைத்திருக்கிற சபை, சத்திரக்காரன். அவனுடைய அறத்தைப் பற்றித்தான் நமக்கு யோசிக்கத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் நெடுஞ்சாலையில் பாலுசெட்டி சத்திரம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அந்தச் செட்டியார் யாரையெல்லாம் உள்ளே விட்டார், யாரைத் திண்ணையோடு நிறுத்தினார் என்று ஒவ்வொரு முறை பஸ்ஸில் போகும்போதும் யோசிப்பேன்.

லுத்தரன் சபைகளுக்கு இந்த விஷயத்தில் ஒரு விசேஷமான நிலை இருக்கிறது. மார்ட்டின் லுத்தரின் அடிப்படை வாதமே, நற்செயலால் யாரும் மீட்பைச் சம்பாதிக்க முடியாது என்பது. 1520-இல் கிறிஸ்தவனின் சுதந்திரம் பற்றி அவர் எழுதிய சிறு நூலில் இதிலிருந்து இன்னொரு முடிவுக்குப் போகிறார். கடவுளிடம் சம்பாதிக்க ஒன்றும் மிச்சமில்லை என்றால், செய்கிற நன்மை முழுக்க அயலானுக்கே போகலாம், நடுவில் நமக்கென்று ஒரு பங்கை எடுத்துவைக்க வேண்டியதில்லை. முதலில் இது எனக்கு விசித்திரமாகப் பட்டது. தர்மம் தலைகாக்கும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். அன்னதானம் செய்தால் புண்ணியம். எல்லாம் எங்கோ ஒரு பேரேட்டில் வரவாகிக்கொண்டே இருக்கும். அப்புறம்தான் ஆய் அண்டிரனைப் பற்றி உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஞாபகம் வந்தது. இந்தப் பிறவியில் கொடுத்து அடுத்த பிறவியில் வாங்கிக்கொள்ளலாம் என்று அறத்தை விலைக்கு விற்கிறவன் இல்லை அவன் என்கிறார் புலவர். சான்றோர் போன வழி, அதனால் கொடுக்கிறான், அவ்வளவுதான். பதினைந்து நூற்றாண்டு இடைவெளியில், சம்பந்தமே இல்லாத இரண்டு ஊர்களில், ஒரே வியாபாரத்தின் மேல் இரண்டு பேருக்கு எரிச்சல் வந்திருக்கிறது.

ஆனால் கொள்கை ஒன்று, சபை வேறு. நற்செயலால் மீட்பில்லை என்பதை, அப்படியானால் நற்செயலே தேவையில்லை என்று சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறவர்களும் எப்போதும் இருந்திருக்கிறார்கள். இதற்கு 'மலிவான கிருபை' என்று பெயர் வைத்து 1937-இல் கடுமையாகச் சாடியவரும் ஒரு லுத்தரன்தான், தீட்ரிஷ் போன்ஹோஃபர்.

தமிழ்நாட்டு லுத்தரன்களின் கணக்கில் இதைவிடப் பெரிய பாக்கி இருக்கிறது. 1706 ஜூலை 9-ஆம் தேதி சீகன்பால்குவும் புளூட்சாவும் தரங்கம்பாடியில் இறங்கியதும், 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டதும், 1718-இல் புது எருசலேம் ஆலயம் கட்டியதும் பெருமையோடு சொல்லப்படுகிற வரலாறு. அந்த ஆலயத்துக்குள்ளேயே வேளாளர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம் என்று உட்கார்ந்ததும் வரலாறுதான். 19-ஆம் நூற்றாண்டில் லைப்சிக் மிஷன் சாதி வழக்கத்தைப் பொறுத்துப்போனது. அதை ஏற்காத கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனரி பிரிந்துபோய், பண்ருட்டிக்குப் பக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் டேனிஷ் மிஷனோடு சேர்ந்து வேலை தொடங்கினார். ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அதுதான். என் நண்பன் ஏரிக்கரையைக் கவனித்ததற்கு இந்த வரலாறு காரணம் என்று சொல்ல மாட்டேன். அவன் அதைப் படித்தவனே இல்லை. ஆனால் யாரோடு யார் உட்காரலாம் என்ற கேள்வியில் உடைந்த ஒரு சபையின் பிள்ளை அவன்.

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை அலை வந்தபோது கடற்கரைக் கோயில்கள் பலவற்றில் ஆராதனை நேரம். அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தரங்கம்பாடி அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. லுத்தரன் சபைகளும், லுத்தரன் உலக சேவை போன்ற அமைப்புகளும் மற்ற எத்தனையோ பேரும் அந்தக் கரையில் வேலை செய்தார்கள். உலகமே பணம் அனுப்பியது. பண்டிகைத் துணி மாதிரி பழைய துணி சாலையோரம் மலையாகக் குவிந்து கிடந்ததை அப்போது பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள், அல்லது உங்கள் அண்ணன்மார் பார்த்திருப்பார்கள். அதே நாட்களில்தான், நிவாரண முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதையும், கடற்கரை ஓரம் படகு இழந்தவர் கணக்கில் வர, உப்புநீர் ஏறிய வயலில் கூலிவேலை இழந்தவர் கணக்கில் வராமல் போனதையும் மனித உரிமை அமைப்புகள் பதிவுசெய்தன. பணம் பற்றாக்குறையால் நடந்தது இல்லை இது. அலை எல்லாரையும் சமமாக அடித்தது என்று அந்த வருஷம் நிறையக் கவிதை வந்தது. அலை சமமாகத்தான் அடித்தது. லிஸ்ட் போட்டவர்கள் மனுஷர்கள்.

அதனால் சபைகள் உதவ வரும்போது நான் பார்க்கிற முதல் விஷயம், லிஸ்டை யார் போடுகிறார்கள் என்பது. இதற்கு லுத்தரின் காலத்திலேயே ஓர் அழகான ஏற்பாடு இருந்திருக்கிறது. 1523-இல் சாக்சனியில் லைஸ்னிக் என்ற சிற்றூரின் சபை, தன் பணத்தையெல்லாம் ஒரே பொதுப்பெட்டியில் போட முடிவெடுத்தது. அந்த விதிகளுக்கு லுத்தர் முன்னுரை எழுதினார். பெட்டிக்குப் பத்து அறங்காவலர்கள், நான்கு பூட்டு, நான்கு சாவி. ஒன்று பிரபுக்களிடம், ஒன்று நகரசபையிடம், ஒன்று ஊர்க்காரர்களிடம், ஒன்று சுற்றுவட்டாரத்து விவசாயிகளிடம். நான்கு பேரும் வந்தால்தான் பெட்டி திறக்கும். கணக்கைச் சபை முன்னால் வாசிக்க வேண்டும். பெட்டிப் பணத்தில் அநாதைகளுக்கும் முதியோருக்கும் பங்கு உண்டு. தொழில் நொடித்த கைவினைஞர்களுக்குக் கடன் கொடுக்கவும் விதி இருந்தது. அதைப் படித்தபோது அப்பாவின் தறிக்குழிதான் கண்ணில் வந்தது. அரிசி ஒரு வாரம் வரும். அடுத்த பாவு வாங்க வட்டியில்லாத கடன் கிடைத்திருந்தால் எங்கள் தெருவில் பாதிப்பேர் அந்த வருஷம் தப்பித்திருப்பார்கள்.

நடந்தது என்னவென்றால், லைஸ்னிக் நகரசபை பணத்தைப் பெட்டிக்கு விடவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. லுத்தர் புலம்பிக் கடிதம் எழுதினார். கோயில் கமிட்டியோ சபைக் கமிட்டியோ பார்த்த யாருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது. தமிழ்நாட்டுத் திருச்சபைகளின் சொத்து வழக்குகளும் தேர்தல் வழக்குகளும் நீதிமன்றங்களில் எத்தனை நடக்கின்றன என்று எண்ணினால் நான்கு சாவி போதாது, நாற்பது வேண்டும். ஆனாலும் அந்த நான்காவது சாவி என் மனதில் நிற்கிறது. பெட்டி ஊருக்குள் இருக்கிறது, ஒரு சாவி ஊருக்கு வெளியே இருக்கிறவனிடம். எங்கள் ஊரில் ஒரு சாவி ஏரிக்கரையில் இருந்திருந்தால் என் லிஸ்ட் அப்படி வந்திருக்காது.

இனி எல்லாரும் கேட்கிற கேள்வி. சோற்றுக்காக மதம் மாற்றுகிறார்களா?

இந்தச் சந்தேகம் முழுக்கக் கட்டுக்கதை இல்லை, முழுக்க உண்மையும் இல்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் முழுக்க ஜனங்கள் செத்தார்கள். பஞ்சத்தை ஒட்டி ஆயிரக்கணக்கானவர்கள் சபைகளில் சேர்ந்தார்கள். அப்போது ஒங்கோலில் இருந்த ஜான் கிளஃப் என்ற பாப்டிஸ்ட் மிஷனரியின் கதை எனக்கு மறக்கவே மறக்காது. பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதியை வெட்டுகிற ஒப்பந்தத்தை அவரே எடுத்து, பட்டினி கிடந்தவர்களுக்கு வேலையும் கூலியும் கொடுத்தார். கேட்டு வந்தவர்களுக்கு ஞானஸ்நானம் மட்டும் கொடுக்க மறுத்துவிட்டார். சோற்றுக்காக வருகிறார்கள் என்ற பேச்சு வேண்டாம், பஞ்சம் முடியட்டும் என்றார். நிவாரணம் முடிந்த பிறகு, 1878 ஜூலை 3-ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? கிளஃப் நேர்மையாக நடந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சாப்பாட்டுக்கும் சடங்குக்கும் நடுவில் ஒரு வேலியைப் போட்டார். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் என்ன நினைத்தார்கள்? அவர்களில் பெரும்பாலானோர் மாதிகர். ஊர் அவர்களைத் தொடாது. பஞ்சத்தில் ஒருத்தன் வேலை கொடுத்தான், கூலியை ஏமாற்றவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டான். பஞ்சம் முடிந்ததும் அவனோடு போய் நிற்பது சோற்று ஆசையா, மரியாதையை அடையாளம் கண்டதா? 'சோற்றுக் கிறிஸ்தவர்' என்று சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றும்: அந்தச் சோற்றை நீங்கள் ஏன் முதலில் போடவில்லை? இது வாதத்துக்கு நல்ல பதில்தான், என்றாலும் சபைகளை இது முழுக்க விடுவிக்காது. பசித்தவன் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கிறான். அவனிடம் எதைக் கேட்டாலும், ஒரு ஜெபத்துக்குத் தலைகுனியச் சொன்னால்கூட, அவன் சம்மதம் சம்மதம் ஆகாது.

1994-இல் செஞ்சிலுவைச் சங்கமும் வேறு சில பெரிய அமைப்புகளும் சேர்ந்து பேரிடர் உதவிக்கான நடத்தை விதிகளை எழுதின. உதவி தேவையை மட்டும் பார்த்துப் போக வேண்டும், எந்த மத, அரசியல் நிலைப்பாட்டையும் வளர்க்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது அதில் முக்கியம். அந்த விதிகளை முன்னெடுத்த எட்டு அமைப்புகளில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒன்று. ஆக, வெளியிலிருந்து யாரும் அவர்கள் மேல் திணித்ததில்லை, அவர்களே எழுதிக் கையெழுத்துப் போட்டது. தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, சுனாமிக்கு ஏழு மாதம் முன்னால் 2004 மே மாதத்தில் கைவிடப்பட்டது. சட்டம் போனாலும் சந்தேகம் போகவில்லை. சந்தேகத்துக்கு நடுவில்தான் அவர்கள் அரிசி மூட்டையை இறக்க வேண்டும்.

எங்கள் தெருவில் வேன் நின்றபோது இதே சண்டை சின்ன அளவில் நடந்தது. மூப்பர் கையில் சுருட்டிய பேனர் இருந்தது. சபைப் பேரும் சிலுவையும் போட்டது. வேன் முன்னால் கட்ட வேண்டும் என்றார். நண்பன் வேண்டாம் என்றான். அந்த வருஷம் 'ஸ்டிக்கர்' என்ற சொல்லே கேலிச்சொல்லாகிப் போயிருந்தது. யாரோ கொடுத்த அரிசிப் பையில் யாரோ படம் ஒட்டுகிறார்கள் என்று ஊரெல்லாம் சிரித்தது.

"நாமளும் ஸ்டிக்கர் ஒட்டறோம்னு சொல்லுவாங்கய்யா."

"ஏண்டா, ஒளிச்சு வெக்கறதுக்கு நாம என்னா திருட்டு அரிசியா குடுக்கறோம்? காணிக்கை போட்ட ஜனங்களுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

நான் அப்போது நண்பன் பக்கம். இப்போது மூப்பர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகப் படுகிறது. ஒருவனை அவ்வளவு தூரம் வரவைத்ததே அவன் விசுவாசம்தான் என்றால், அதை வாசலில் செருப்பு மாதிரி கழற்றிவிட்டு வா என்று சொல்வதும் ஒருவகை அவமதிப்பு. கடைசியில் பேனர் வேனுக்குள்ளேயே கிடந்தது. எங்கள் தெருக் கிழவர் ஒருவர், "நீங்கல்லாம் எந்தக் கட்சிப்பா?" என்று கேட்டார். மூப்பர், "கட்சி இல்லீங்க, கடலூர் பக்கம் ஒரு சபை. ஏசுசாமி கும்பிடறவங்க" என்றார். கிழவர், "சரி சரி, டீ சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்டால் சொல்வது, கேட்காதபோது வேலையைப் பார்ப்பது. இதைவிட நல்ல விதி எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அந்த மூப்பர்தான் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "உள்ள வரலாங்களா?" என்று கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத் தறிக்குழியைப் பார்த்தவர். பக்கெட் வாங்கி ஒரு மணி நேரம் தண்ணீர் இறைத்தார். "உங்களுக்கு என்னா வேணும்?" என்று அப்பாவிடம் கேட்டார். அதுவரை வந்த யாரும் கேட்கவில்லை. எல்லாரும் கொண்டுவந்ததைக் கொடுத்தார்கள்.

அப்பா யோசித்துச் சொன்னார்: "நீளமா, காஞ்ச எடம் ஒண்ணு."

பாவு நீட்டத்தான். மூப்பருக்கு முதலில் புரியவில்லை; புரிந்ததும் சிரித்துவிட்டார். "எங்க கோயிலு நல்ல நீளங்க. பெஞ்சைத் தூக்கிட்டா போதும். ஆனா இங்கேர்ந்து ரொம்ப தூரமாச்சே." இப்போதும் எந்த ஊரில் எந்தக் கோயிலைப் பார்த்தாலும், கல்யாண மண்டபத்தைப் பார்த்தாலும், வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கிற நீளமான, காய்ந்த இடமாகத்தான் தெரிகிறது. சபைகள் அரிசிக்கு முன்னால் சாவியைப் பற்றி யோசிக்கலாம்.

பணத்தைவிட வேறொன்று பேரிடரில் செலவாணியாகும் என்பதற்கு, லுத்தரன் வரலாற்றிலேயே ஒரு சம்பவம் உண்டு. 1780-களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படை காவிரிக்கரையைச் சூறையாடிய நேரம். தஞ்சாவூர்க் கோட்டைக்குள் பட்டினி. வெளியே கிராமங்களில் நெல் இருந்தது, கொண்டுவர மாடும் ஆளும் இருந்தார்கள். ஆனால் அரசாங்கம் வாங்கிய நெல்லுக்குக் காசு கொடுக்காது என்று குடியானவர்களுக்குத் தெரியும், யாரும் அசையவில்லை. தரங்கம்பாடி மிஷனிலிருந்து வந்து தஞ்சையில் வாழ்ந்த சுவார்ட்ஸ் ஐயர், 'காசுக்கு நான் பொறுப்பு' என்று எழுதி அனுப்பினார். மாடும் நெல்லும் வந்தன, கோட்டை பிழைத்தது. அவர் சொன்னபடி காசைக் கொடுத்தார். அது போர்ப் பஞ்சம், இயற்கைப் பேரிடர் இல்லைதான். அந்தக் குடியானவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களும் இல்லை. பல வருஷமாக அந்த மனிதர் ஏமாற்றாமல் இருந்ததைப் பார்த்திருந்தார்கள். வெள்ளம் வந்த பிறகு அந்த நம்பிக்கையைச் சேர்க்க ஆரம்பித்தால் நேரம் போதாது.

1527-இல் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் வந்தபோது, ஓடலாமா கூடாதா என்று கேட்டவர்களுக்கு லுத்தர் எழுதிய பதிலும் இதை ஒட்டியதுதான். ஓடுவது பாவம் என்று அவர் சொல்லவில்லை. உன்னை நம்பி ஒருத்தர் இருந்தால், உன் இடத்தில் நிற்க வேறு ஆள் இல்லை என்றால், இரு, இல்லையென்றால் போகலாம். மருந்து சாப்பிடு, வீட்டைப் புகைபோட்டுச் சுத்தம் செய், தேவையில்லாத இடத்துக்குப் போய் நோயைப் பரப்பாதே. 2020-இல் வாட்ஸப்பில் வந்த எத்தனையோ ஆன்மிக அறிவுரைகளைவிட இது புத்திசாலித்தனமானது.

அன்று சாயங்காலம் வேன் ஏரிக்கரைக்குப் போனது. நானும் போனேன், வழிகாட்ட. உண்மையில் எனக்கே வழி தெரியவில்லை. ஒன்பது குடும்பம். தார்ப்பாய் கேட்டார்கள்; எங்களிடம் பாய்தான் இருந்தது. யாருக்கும் ரேஷன் கார்டு கையில் இல்லை, பாதிப்பேருக்கு எப்போதுமே இருந்ததில்லை. பட்டா இல்லாததால் அரசு வெள்ள நிவாரணப் பட்டியலிலும் இல்லை. என் லிஸ்டில் மட்டும்தான் இல்லை என்று நான் நினைத்திருந்தேன். போன்ஹோஃபர் 1933-இல் எழுதியது இந்த இடத்தில் எனக்கு உறைக்கிறது: சக்கரத்தில் நசுங்கியவருக்குக் கட்டுப்போடுவதோடு சபையின் வேலை முடியாது, சில சமயம் சக்கரத்தையே நிறுத்த வேண்டியிருக்கும் என்கிறார். எங்கள் ஊர்ச் சக்கரம் ஒரு துண்டுக் காகிதம். அது இல்லாதவர் மேல் ஒவ்வொரு மழையும் ஏறிப்போகும்.

2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம். எங்கள் தெருவில் மறுபடியும் லிஸ்ட் போடச் சொன்னார்கள். இந்த முறை ஏரிக்கரையிலிருந்து ஆரம்பித்தேன். தெருவில் இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்; ஒருவர் இன்னும் பேசவில்லை. நண்பனுக்குப் போன் செய்தேன். "அரிசி அனுப்பவாடா?" என்றான். "அரிசி இருக்குது. மனு எழுதத் தெரிஞ்ச ஆள் யாராவது இருந்தா அனுப்பு" என்றேன். அவன் சபையில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருந்தார், வருவாய்த்துறை நடைமுறை தெரிந்தவர். போனிலேயே சொல்லிக்கொடுத்தார். எந்தப் படிவம், எந்த இணைப்பு, எந்தக் கையெழுத்தை முதலில் வாங்க வேண்டும்.

முதல் மனு ஒரு வயதான அம்மாவுக்கு. ஆறு வருஷம் முன்னால் பாயை வாங்கி முகர்ந்து பார்த்து, "புதுசு" என்று சொன்னவர். பேர் எழுதினேன். கணவர் பேர் எழுதினேன். விலாசம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. கதவு எண் இல்லை, தெருப் பேர் இல்லை.

"விலாசம் என்னானு போடட்டும்மா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒங்க தெருவுக்குப் பின்னாலேன்னு போடு சாமி" என்றார்.